எஸ்கியூலைட்டில் செலவுகளை மாதவாரியாகக் கூட்டுவது எப்படி?

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணைக்கும் பத்திகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். இங்கே அவற்றை ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

படி 1: தேதியைச் சரிபாருங்கள்

எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. வெறும் எழுத்தாகத்தான் சேமிக்கிறோம். ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருப்பது முக்கியம். 05-04-2024 என்று எழுதி வைத்திருந்தால் முதலில் அதை 2024-04-05 என மாற்றுங்கள். 'செலவுகள்' அட்டவணை இப்படி இருக்கட்டும்:

தேதி | வகை | தொகை
2024-04-05 | மளிகை | 3200
2024-04-18 | மின்கட்டணம் | 1450
2024-05-02 | மளிகை | 2900
2025-04-07 | மளிகை | 3500

படி 2: மாதத்தைப் பிரித்துக் கூட்டுங்கள்

செலக்ட் சப்ஸ்டர்(தேதி, 1, 7) ஆஸ் மாதம்,
சம்(தொகை) ஆஸ் மொத்தம்
ஃப்ரம் செலவுகள்
குரூப் பை மாதம்
ஆர்டர் பை மாதம்;

'சப்ஸ்டர்' தேதியின் முதல் ஏழு எழுத்துகளை, அதாவது 2024-04 என்பதை, வெட்டித் தருகிறது. அது ஒன்றாக உள்ள வரிசைகளை 'குரூப் பை' ஒரே குவியலாக்குகிறது. ஒவ்வொரு குவியலையும் 'சம்' கூட்டுகிறது. விடை:

2024-04 | 4650
2024-05 | 2900
2025-04 | 3500

மாதம்தானே வேண்டும் என்று பலர் சப்ஸ்டர்(தேதி, 6, 2) என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது இரண்டு ஏப்ரல்களும் ஒட்டிக்கொண்டு 04 என்ற ஒரே வரியில் 8150 என்று நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஓராண்டுக் கணக்கு மட்டும் இருக்கும்வரை விடையும் சரியாகவே தெரியும் என்பதால் இது லேசில் கண்ணில் படாது.

படி 3: வகைவாரியாகப் பிரியுங்கள்

'செலக்ட்' வரியில் வகையைச் சேர்த்தால் 'குரூப் பை மாதம், வகை' என்று அங்கேயும் சேருங்கள். மறந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் திட்டி நிறுத்திவிடும். எஸ்கியூலைட்டோ குவியலில் ஏதோ ஒரு வரிசையின் வகையை எடுத்துக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எனக்குப் பிடிக்காத தாராளம் இது.

படி 4: ஒரு நிதியாண்டு மட்டும் போதுமென்றால்

'ஃப்ரம்' வரிக்கு அடுத்து இதைச் சேருங்கள்:

வேர் தேதி >= '2024-04-01' அண்ட் தேதி < '2025-04-01'

இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்று கேட்கும் 'பிட்வீன்' போட்டு மார்ச் 31 என்று முடிக்காதீர்கள். தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால் அந்தக் கடைசி நாளின் செலவுகள் விடுபடும்.

செலவே பதியாத மாதம் விடையில் வராது. அந்த வரியும் வேண்டுமென்றால், மாதங்களுக்குத் தனி அட்டவணை வைத்து, அதன் எல்லா வரிசைகளையும் தக்கவைத்துச் செலவுகளை இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' செய்ய வேண்டும்.