மார்வின் கேயின் 1971 ஆல்பத்தை முழுதாகக் கேட்பது எப்படி

அமெரிக்க சோல் இசைப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' மொத்தம் 9 பாட்டு, சுமார் 35 நிமிடம். முதலில் பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணையுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்ஜியமாக்குங்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்தின் 6 பாட்டும் ஒன்றோடொன்று கோத்தவை. வரிசை கலைந்தால் பாட்டுகள் பாதியில் அறுந்ததுபோல் கேட்கும்.

ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் அதில் காணாமலே போய்விடும், பாதி ஆல்பம் அதுதான். ஹெட்ஃபோனில் ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். மறுமுறை குரலை: மார்வினே இரண்டு தடத்தில் பாடியிருப்பார்.

பிறகு அவருடைய அறுபதுகளின் மோட்டவுன் (அவருடைய இசைத்தட்டு நிறுவனம்) காதல் பாட்டுகள் இரண்டைப் போடுங்கள். வியட்நாம் போர், வறுமை, சூழல் மாசு என்று இங்கே அவர் எவ்வளவு தூரம் விலகி வந்தார், தானே தயாரிப்பாளரானது எதை மாற்றியது என்பது அப்போதுதான் காதில் விழும்.