திருவையாற்றுக்குப் போனால் பாடிவிட்டு வாருங்கள்

டொராண்டோவிலோ லண்டனிலோ பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்திருக்கிறீர்களா? ஜனவரியில் ஊருக்கு வர முடிந்தால், சென்னைக் கச்சேரிகளோடு திரும்பிவிடாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, காவிரிக்கரையில் திருவையாறு இருக்கிறது. அங்கே கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவாக நடக்கும் ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து பாடுகிற விழா அது.

முதலில் தேதி. 1847 ஜனவரியில் தியாகராஜர் மறைந்த திதியை, அதாவது புஷ்ய பகுள பஞ்சமியை (புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமியை) வைத்து விழா நடக்கிறது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும்: 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. போன வருடத் தேதியை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து வருபவர்களுக்குத் திருச்சி விமான நிலையம்தான் வசதி. தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்குங்கள், அங்கிருந்து திருவையாற்றுக்குப் பேருந்து நிறைய உண்டு. போகும் வழியில் பாலங்களைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஊருக்கு ஏன் ஐயாறு என்று பெயர் வந்தது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பஞ்சமியன்று காலைதான் விழாவின் உயிர். தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை, அதாவது வீதியில் பாடியபடியே பிட்சை ஏற்கும் ஊர்வலம், கிளம்பி அவர் சமாதிக்கு வரும். அப்புறம் ஒன்பது மணி வாக்கில் அவர் இயற்றிய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், ஐந்தும் ஆதி தாளம். வித்வான்கள் எதிரும் புதிருமாகத் தரையில் உட்கார்ந்து பாடுவார்கள், பின்னால் இருக்கும் கூட்டமும் பாடும். பெரிய பாடகர் குரலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் குரலும் ஒன்றாகக் கலந்து வரும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரடியாகக் கேட்டிருப்பீர்கள். உள்ளே உட்கார்ந்து நாமும் வாய் திறந்தால் அது வேறு அனுபவம்.

அதனால் தயாராகப் போங்கள். ஐந்தும் தெரியாவிட்டால் பரவாயில்லை; ஸ்ரீராகக் கீர்த்தனை ஒன்றையாவது சாகித்தியம் (பாடல் வரிகள்) பார்க்காமல் பாடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குத் தமிழ் எழுத்தில் சாகித்தியத்தை அச்செடுத்து வையுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு பாடினால் கண் அதிலேயே இருக்கும். இடம் பிடிக்க ஏழு மணிக்கே போய்விட வேண்டும். சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓரமாகச் சாய்ந்துகொள்ள வசதியான இடமாகப் பாருங்கள். பனிக்கு ஒரு துண்டு, குடிக்கத் தண்ணீர், பருத்தி உடை போதும்.

அன்று ஒரு நாளோடு கிளம்பிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். விழாவின் மற்ற நாட்களில் காலையிலிருந்து இரவு வரை, வரிசையாக ஆளுக்குச் சில நிமிடங்கள் பாடுவார்கள், வாசிப்பார்கள். பெயர் கேள்விப்படாத சிற்றூர் நாதஸ்வரக்காரர் ஒருவர் வாசிக்கும் பத்து நிமிடம் மனத்தில் அப்படியே தங்கிவிடும்.

சமாதிக்கு எதிரே பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடம் இருக்கிறது. கூட்டம் அதைக் கவனிக்காமல் கடந்துபோவது எனக்கு வருத்தம். 1920களில் தன் சம்பாத்தியத்தைப் போட்டு இந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில், விடாமல் போராடி அந்த உரிமையைப் பெற்றவரும் அவர்தான். ஆராதனையைத் தனித்தனியாக நடத்திப் பிரிந்து கிடந்த கோஷ்டிகள் 1940இல்தான் ஒன்றாயின. மகளோடு போகிறவர்கள் அங்கே நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மாலையில் ஐயாறப்பர் கோயில். அப்பர் கயிலைக் காட்சி கண்ட தலம் என்பதால் தேவாரம் தெரிந்தவர்களுக்கு அதுவே தனிப் பயணம். கிளம்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் இந்த ஊர் இனிப்பு அது. சூடாகக் கொஞ்சம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டி வாங்குங்கள்.