புதிதாக வந்த கார்ன் ஸ்நேக்: தீனியும் சட்டையும்

செல்லப்பிராணியாக வளர்க்கும் கார்ன் ஸ்நேக் பாம்பு வீட்டுக்கு வந்த அன்றைக்கே எலியை நீட்டாதீர்கள், ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். அப்புறம் உறையவைத்த சுண்டெலியை முழுதாக உருகவிட்டு, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் கொடுங்கள்; பாம்பின் உடம்பு எங்கே அதிகம் தடித்திருக்கிறதோ எலி அந்தப் பருமன் இருந்தால் போதும், தின்றபின் 2 நாள் கையில் எடுக்க வேண்டாம், கக்கிவிடும்.

கண் பால் படிந்ததுபோல் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம், அப்போது தின்னாவிட்டாலும் பரவாயில்லை. ஈரப்பாசி போட்ட டப்பாவில் பாம்பு நுழைய ஓட்டை வெட்டி அதன் கூண்டுக்குள் வையுங்கள். உரித்த சட்டையை விரித்துப் பாருங்கள், கண்ணின் மேல்தோலும் வால்நுனியும் அதிலேயே இருக்க வேண்டும். வாலில் வளையமாக ஒட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று நுனியே போய்விடலாம். வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் கொஞ்ச நேரம் நெளிய விட்டால் கழன்றுவரும். கண்ணில் ஒட்டியதை மட்டும் நகத்தால் நோண்டவே நோண்டாதீர்கள்.