ரெண்டு பேரு மொறச்சுக்கிட்டு நின்னா மூணாவது ஆளு மேல போயிடுவாரு: மலை சைக்கிள் ரேஸ்ல நாம பண்ற தப்புங்க

போன டிசம்பர்ல நாங்க பசங்களா சேந்து மூணு நாள் ரேஸ் ஒண்ணு வச்சுக்கிட்டோம். பேரு, ஸ்பான்சர் எதுவும் கிடையாது, பத்து பதினோரு பேரு, காலைல அஞ்சரைக்கு சேலம் கோரிமேட்டுல டீ, மொத நாள் அடிவாரத்துல இருந்து ஏற்காடு, ரெண்டாவது நாள் குப்பனூர் வழி, மூணாவது நாள் மறுபடியும் அடிவாரம் வழி. மூணு நாள் டைமையும் கூட்டிப் பாத்து யாருக்கு கம்மியோ அவன் ஜெயிச்சான், அவ்ளோதான். இறக்கத்துக்கு நாங்க டைம் எடுக்கறதில்ல (பஸ் திரும்புற பெண்டுல, கொரங்கு குறுக்க ஓடுற ரோட்டுல இறக்கத்துல போட்டி போடறவனுக்கு நான் எழுதறத படிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல).

ரெண்டு நாள் முடிஞ்சப்ப நான்தான் முன்னாடி. எனக்கு 35 செகண்ட் பின்னாடி ஆத்தூர்காரன். அவனுக்கும் எனக்கும் ரொம்ப நாள் பகை, அதாவது பாசமான பகை, சாப்டறப்ப கூட எத்தன இட்லின்னு எண்ணுவோம். மூணாவது எடத்துல பேங்க் அண்ணன், ரிட்டயர் ஆனவரு, 2 நிமிஷம் 10 செகண்ட் பின்னாடி. மூணாவது நாள் ஏழாவது பெண்டு கிட்ட அண்ணன் ஒரே வேகத்துல எங்கள தாண்டி போனாரு. அட்டாக்னு கூட சொல்ல முடியாது, எந்திரிச்சு நின்னு மிதிக்கல, சும்மா மளிகை சாமான் வாங்கப் போற மாதிரி போனாரு. நான் ஆத்தூர்காரன பாத்தேன், அவன் என்ன பாத்தான். "லீடர் நீதானே, நீ போய் புடி"ன்னு அவன் மூஞ்சி சொல்லுது. "நான் இழுத்துட்டு போனா நீ பின்னாடியே ஒட்டிட்டு வந்து கடைசில என்னயே தாண்டுவ"ன்னு என் மூஞ்சி சொல்லுது. இப்படியே பதினாறாவது பெண்டு வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா உருட்டிட்டே போனோம். மேல போய் பாத்தா அண்ணன் எனக்கு 3 நிமிஷம் 20 செகண்ட் முன்னாடி வந்து, ஜெர்க்கின் போட்டுக்கிட்டு, காபி குடிச்சுட்டு இருக்காரு. கூட்டிக் கழிச்சா என்ன விட 1 நிமிஷம் 10 செகண்ட் கம்மி, அவருதான் ஜெயிச்சாரு. அன்னைக்கு ஆத்தூர்காரன நான் விடவே இல்ல, அதுல மட்டும் ஒரு குறையும் இல்ல.

இது எங்கள மாதிரி ஞாயித்துக்கெழம பசங்க மட்டும் பண்ற தப்புன்னு நெனச்சிடாதீங்க. 2025 மே 31ம் தேதி, இத்தாலி சுத்தற ஜிரோ ரேஸ்ல கடைசிக்கு முந்தின நாள், அச்சு அசலா இதேதான் நடந்துச்சு. பிங்க் ஜெர்சி (மொத்த டைம்ல மொத எடத்துல இருக்கறவரு போடறது) மெக்சிகோ பையன் இசாக் டெல் டோரோ கிட்ட, அப்ப வயசு 21தான். 43 செகண்ட் பின்னாடி ஈக்வடார் கரபாஸ், 1 நிமிஷம் 21 செகண்ட் பின்னாடி இங்கிலாந்து சைமன் யேட்ஸ். மலை பேரு ஃபினெஸ்ட்ரே, 18.5 கிலோமீட்டர், சராசரி ஏத்தம் 9 சதவீதத்துக்கு மேல, கடைசி 8 கிலோமீட்டர் தார் கூட கிடையாது, ஜல்லி ரோடு. யேட்ஸ் போயிட்டாரு. டெல் டோரோவும் கரபாசும் நீ போ நான் போன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டே வந்தாங்க. யேட்சோட டீம் மேட் வான் ஆர்ட் ஏற்கனவே முன்னாடி போன கூட்டத்துல இருந்தாரு, மலைக்கு அந்தப் பக்கம் அவரு வந்து யேட்ஸ இழுத்துட்டு போக, கேப் நிமிஷக் கணக்குல வளந்துடுச்சு. கடைசில யேட்ஸ் 3 நிமிஷம் 56 செகண்ட்ல மொத்த ரேசையே ஜெயிச்சுட்டாரு. இதே யேட்ஸ் 2018ல இதே மலைல பிங்க் ஜெர்சியோட வந்து, கால் செத்துப் போயி, ஒரே நாள்ல 38 நிமிஷத்துக்கு மேல எழந்தவரு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, முன்னாடி போறவன் காத்த கிழிச்சு கொடுப்பான், பின்னாடி ஒட்டிட்டு வர்றவனுக்கு அது மிச்சம். சமதரைல 40 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப மூணுல ஒரு பங்கு கிட்ட உழைப்பு மிச்சமாகும், ஏத்தம் கூட கூட வேகம் கொறையும், அந்த மிச்சமும் கொறையும். நம்ம ஏற்காடு ரோடு அவ்வளவு செங்குத்து கிடையாது, அதனால இங்க ஒட்டிட்டு போறதுக்கு நல்ல மதிப்பு இருக்கு, எவனும் முன்னாடி வர மாட்டான். ஆனா கணக்குல நாம மறக்கறது என்னன்னா, ஆத்தூர்காரன இழுத்துட்டு போயிருந்தா நான் எழந்திருக்கக் கூடியது 10 செகண்டோ 15 செகண்டோ, அப்பவும் நான்தான் முன்னாடி. இழுக்காம விட்டதுல 3 நிமிஷம் 20 செகண்ட் போச்சு. இப்படி பல நாள் டைம கூட்டற ஸ்டேஜ் ரேஸ்ல லீட்ங்கறது கைல இருக்கற காசு மாதிரி, செலவு பண்றதுக்குத்தான் இருக்கு. கெளம்பறதுக்கு முன்னாடி ஹேண்டில் பார்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டி யாரு எவ்வளவு பின்னாடின்னு எழுதிக்கோங்க, எவன எத்தன நிமிஷம் விடலாம், எவன விடவே கூடாதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணுங்க. மலை மேல நாடித்துடிப்பு 175ல இருக்கறப்ப நமக்கு ரெண்டும் ரெண்டும் நாலுன்னே தெரியாது.

பாரம் லீடர் மேலதான்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது சரிதான். ஆனா ரெண்டாவது எடத்துல இருக்கறவனும் சும்மா ஒட்டிட்டு வந்தா மூணாவது எடத்துக்குத்தான் போவான், கரபாஸ் அதான் ஆனாரு, ஆத்தூர்காரனும் அதான் ஆகியிருப்பான், நான் கடைசில கால் போயி அவன விட்டதால தப்பிச்சான். (ஆமா, 200 மீட்டர்ல என்ன 40 செகண்ட் அடிச்சுட்டான். மேல எழுதினத மாத்தல, "விடவே இல்ல"ங்கறது அந்த 200 மீட்டருக்கு முன்னாடி வரைக்கும்.)

இதுக்கு கூடப்பொறந்த தப்பு, உதவிக்கு ஆள் வரட்டும்னு நிக்கறது. 2018ல அதே ஃபினெஸ்ட்ரேல ஃப்ரூம் முடியறதுக்கு 80 கிலோமீட்டர் முன்னாடியே தனியா கெளம்பிட்டாரு. பின்னாடி டுமுலானும் இன்னும் மூணு பேரும், அதுல ஒருத்தரான பினோட்டோட டீம் மேட் ரைஷன்பாக் வந்தா சேந்து இழுக்கலாம்னு காத்துட்டு இருந்தாங்க, அந்த ஆளோ இறக்கத்துல மெதுவா வர்றவரு. ஃப்ரூம் அன்னைக்கு 3 நிமிஷம் அடிச்சாரு, மொத்த ரேச டுமுலான் 46 செகண்ட்ல கோட்ட விட்டாரு. இதுக்கு நேர் எதிர் 2011 டூர் டி ஃபிரான்ஸ்ல காடெல் எவன்ஸ். ஆண்டி ஷ்லெக் 60 கிலோமீட்டர் முன்னாடியே போயி 4 நிமிஷத்துக்கு மேல கேப் எடுத்துட்டாரு, எவன்ஸ் பின்னாடி ஒரு கூட்டமே ஒட்டிட்டு வருது, ஒருத்தனும் முன்னாடி வரல. எவன்ஸ் கொஞ்சம் கத்திப் பாத்துட்டு அப்பறம் வாய மூடிக்கிட்டு தானே கலிபியர் மலை மேல எல்லாரையும் இழுத்துட்டு போனாரு, கேப்ப 2 நிமிஷம் 15 செகண்டுக்கு கொண்டு வந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு, ஒவ்வொருத்தரா தனியா ஓட்டற டைம் டிரையல்ல ஷ்லெக்க தாண்டி மஞ்ச ஜெர்சி (டூர்ல மொத எடத்துக்கு குடுக்கறது) வாங்கிட்டாரு. ஓசில ஒட்டிட்டு வந்தவன் எவனும் அந்த டூர ஜெயிக்கல. எனக்கு ரொம்ப புடிச்ச ரைடு இது, பாக்கறதுக்கு அழகாவே இருக்காது, தோள் ஆட மூஞ்சி கோணிக்கிட்டு மிதிப்பாரு.

சரி, அப்ப எவன் போனாலும் பின்னாடியே போயிடணுமான்னா, அதுவும் தப்பு, அதுதான் இன்னும் வேகமா ஆள முடிக்கும். 2022 டூர்ல போகாச்சாருக்கு நடந்தத பாருங்க. எதிர் டீம்ல ரெண்டு பேரு, விங்கேகார்ட், ரோக்லிச். கலிபியர் வர்ற வழில ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அட்டாக் பண்ணாங்க, போகாச்சாரு தனி ஆளா ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாரு, ரோக்லிச் ஏற்கனவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல பின்னாடி இருந்தும் அவரு பின்னாடியும் போனாரு. அப்பறம் கடைசி மலை கிரனோன், 11 கிலோமீட்டர், 9 சதவீதம். விங்கேகார்ட் ஒரே ஒரு அட்டாக்தான், போகாச்சாரால சீட்ட விட்டு எந்திரிக்கவே முடியல, 2 நிமிஷம் 51 செகண்ட் போச்சு. மொத்த டூரும் 2 நிமிஷம் 43 செகண்ட்லதான் போச்சு, அப்ப அந்த ஒரு நாள்தான் ரேஸே.

எங்க கூட்டத்துலயும் அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருக்கானுங்க, இதே வேலைதான். பெண்டோட உள்பக்கம் ரோடு சட்டுனு செங்குத்தா இருக்கும்ல, அங்க ஒருத்தன் எந்திரிச்சு பறப்பான், நாம உயிரக் குடுத்து அவன புடிச்சு மூச்சு வாங்கறப்ப இன்னொருத்தன் போவான். நாலு தடவ பதில் சொன்னா அஞ்சாவது தடவ கால்ல சிமெண்ட் ஊத்துன மாதிரி ஆயிடும். இதுக்கு வழி, உடனே பாயாம 5 மீட்டர், 10 மீட்டர் விட்டுட்டு நம்ம வேகத்துலயே கொஞ்சம் ஏத்தி, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல மெதுவா ஒட்டறது. நூத்துக்கு எண்பது அட்டாக் அடுத்த பெண்டுலயே செத்துடும், என் அனுபவத்துல. அப்ப எத புடிக்கணும் எத விடணும்னு எப்படி தெரியும்? அதுக்குத்தான் அந்த பிளாஸ்திரி. ஒரே வேகத்துல, சத்தமில்லாம, உக்காந்துக்கிட்டே போறவரு போனாருன்னா பயப்படுங்க. பேங்க் அண்ணன் மாதிரி.

மூஞ்சி படிக்கறதுல ஏமாறது இன்னொண்ணு. 1964 டூர்ல பூய் டி டோம்னு ஒரு எரிமலை மேல ஃபினிஷ். ஆங்கெட்டில் மஞ்ச ஜெர்சி, பூலிடோர் எதிராளி. ஆங்கெட்டிலுக்கு கால்ல ஒண்ணுமே இல்ல, ஆனா பின்னாடி ஒட்டாம பக்கத்துலயே தோளோட தோள் இடிச்சுட்டு ஏறுனாரு, நான் நல்லாத்தான் இருக்கேன்னு காட்டறதுக்கு. பூலிடோர் அத நம்பி கடைசி கிலோமீட்டர் வரைக்கும் காத்துட்டு இருந்தாரு. அப்பறம் போயி 42 செகண்ட் எடுத்தாரு, ஆனாலும் ஜெர்சி 14 செகண்ட்ல ஆங்கெட்டில் கிட்டயே தங்கிடுச்சு. கொஞ்சம் முன்னாடி கெளம்பியிருந்தா கதையே வேற. அந்த பாவப்பட்ட மனுசன் வாழ்நாள்ல ஒரு நாள் கூட மஞ்ச ஜெர்சி போட்டதில்ல. நம்ம ஊர்ல நடிப்பு தலைகீழா இருக்கும், "முட்டி வலிக்குது மச்சி, இன்னைக்கு சும்மா வரேன்"னு அஸ்தம்பட்டிலயே பொலம்பறவன்தான் மேல போயி கொல்லுவான். வாய நம்பாதீங்க, தோள பாருங்க, தோள் ஆட ஆரம்பிச்சா உண்மையிலயே போச்சுன்னு அர்த்தம், அப்பறம் கியர் குறைக்கற சத்தம் அடிக்கடி கேட்டாலும் அப்படித்தான்.

நேத்து ஜெயிச்ச மெதப்புல இன்னைக்கும் பாயறது: 1986 டூர்ல இனோ ஒரு நாள் அட்டாக் பண்ணி 5 நிமிஷத்துக்கு மேல லீட் வச்சாரு, அடுத்த நாளே தேவையே இல்லாம தூர்மலே மலை இறக்கத்துல தனியா போயி, கடைசி மலைல கரைஞ்சு, லீட் 40 செகண்டா சுருங்கிடுச்சு. அந்த டூர அவரு டீம் மேட் லெமாண்டே ஜெயிச்சாரு. அதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல, பேராசை.

சாப்பாடு விஷயத்துல மட்டும் கொஞ்சம் திட்டிக்கறேன். ஏத்தத்துல பசி தெரியறப்ப சாப்ட்டா லேட்டு. மணிக்கு 60ல இருந்து 90 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், ஒரு வாழப்பழம் 25 கிராம் கிட்ட வரும், மிச்சத்த கடலமிட்டாயோ வெல்லமோ சக்கர கரைச்ச தண்ணியோ வச்சு சரிக்கட்டணும். எதிராளி மேல கண்ண வச்சுட்டு பாக்கெட்ல கைய விட மறந்துடறோம், "இப்ப கைய எடுத்தா அவன் போயிடுவான்"னு பயம். ஓரளவு சமமா இருக்கற எடத்துல, பெண்டுக்கு பெண்டு நடுவுல, கணக்கு வச்சு தின்னுடுங்க. ஒரு தடவ ஒருத்தன் கெளம்பறதுக்கு முன்னாடி தட்டுவடை செட் ரெண்டு பிளேட் அடிச்சுட்டு வந்தான், மூணாவது பெண்டுல என்ன ஆச்சுன்னு இங்க எழுத முடியாது.

அப்பறம் குளிரு. சேலத்துல வேர்த்து ஊத்தும், மேல போனா பனிமூட்டம், நனஞ்ச பனியனோட நின்னா அடுத்த நாள் கால் தூக்க முடியாது. 1998 டூர்ல கலிபியர் மேல மழையிலயும் குளிருலயும் பான்டானி போனப்ப, மஞ்ச ஜெர்சி ஊல்ரிக் அன்னைக்கு மட்டும் 9 நிமிஷம் கிட்ட எழந்தாரு. நெஞ்சுக்கு உள்ள ஒரு பழைய நியூஸ்பேப்பர மடிச்சு வச்சுக்கிட்டு எறங்கறது ஐரோப்பாக்காரன் பழைய வித்த, நமக்கும் செலவே இல்ல.

செயின் கழண்டவன தாண்டலாமான்னு எங்க கூட்டத்துல வருசா வருசம் சண்ட வரும். 2010ல ஷ்லெக் அட்டாக் பண்ணப்ப செயின் கழண்டுச்சு, கொண்டடோர் நிக்காம போயி 39 செகண்ட் எடுத்தாரு, டூரயும் 39 செகண்ட்லதான் ஜெயிச்சாரு (அப்பறம் ஊக்கமருந்து கேஸ்ல அது பறிபோயி ஷ்லெக் கிட்டயே வந்தது வேற கதை). என் கட்சி, கீழ விழுந்தா நில்லு, செயின் கழண்டா நிக்க வேண்டியதில்ல. ஏன்னா நம்ம ஊர்ல பாதி செயின் கழல்றது பெண்டுக்குள்ள போனப்பறம் முழு பலத்தோட மிதிச்சுக்கிட்டே கியர் மாத்தறதால. பெண்டுக்கு 10 மீட்டர் முன்னாடியே மாத்திடு, மாத்தறப்ப மட்டும் காலு கொஞ்சம் லேசா விடு. பேங்க் அண்ணனுக்கு இருபது பெண்டுலயும் ஒரு தடவ கூட செயின் சத்தம் கேக்கல, அதக் கூட நான் அப்பறம்தான் யோசிச்சேன்.

இந்த டிசம்பர்ல மறுபடியும் வச்சிருக்கோம். நேத்து ராத்திரி ஆத்தூர்காரன் போன் பண்ணான். "மச்சி, இந்த தடவ அண்ணன நான் பாத்துக்கறேன், நீ டென்ஷனே ஆவாத, எனக்கு வேற முட்டி வலி"ங்கறான்.