நாளுக்கு 20 நிமிடம் முந்திய பழைய கைக்கடிகாரம்

என்னிடமுள்ள, 1950-களைச் சேர்ந்த சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியபின் திடீரென்று நாளுக்கு 20 நிமிடம் முந்தத் தொடங்கியது. எண்ணெய் வறண்டிருக்கும் என்றெண்ணி, முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுக்கவிருந்தேன். நல்லவேளையாக, அதற்குமுன் ஒரு சிறு திசைகாட்டியைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தேன். திசைகாட்டியின் முள் நடுங்கியது; கடிகாரத்தில் காந்தமேறியிருந்தது.

இரவுதோறும் கடிகாரத்தை ஒலிபெருக்கியின் மேல் கழற்றி வைத்த என் வழக்கமே வினை. ஒலிபெருக்கிக்குள் காந்தம் உண்டு. காந்தமேறிய ஹேர்ஸ்பிரிங்கின் (மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லின்) சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் சுருளின் செயல்படும் நீளம் குறைந்து, அந்தச் சுருளால் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை ஒழுங்குபடுத்தும், மணிக்கு 18,000 முறை அடிக்க வேண்டிய பேலன்ஸ் சக்கரம் அதைவிட விரைந்து ஆடிவிடுகிறது. (இதைத் தவிர்க்கத்தான் 1955-இல் வந்த, ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் நிறுவனத்தின் இன்ஜெனியர் கைக்கடிகாரத்தில் இயந்திரத்தைச் சுற்றி மென்னிரும்புக் கூடு வைத்தார்கள்.)

மாறுமின்னோட்டத்தில் இயங்கும் ஒரு காந்தநீக்கியை வாங்கி, பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை அதிலிருந்து ஒரு கை நீளம் மெல்ல விலக்கி, அதன்பிறகே பொத்தானை விட்டேன். முதல்முறை அவசரப்பட்டு அருகிலேயே விட்டதால் பலனில்லை. இரண்டாம் முறைக்குப்பின் திசைகாட்டியின் முள் அசையவில்லை, பிசகும் நாளுக்கு 10 விநாடிக்குள் அடங்கியது.

பிரிக்கக் கொடுத்திருந்தால், பலர் செய்வதுபோல் உறையையும் மெருகேற்றித் தந்திருப்பார்கள். சேகரிப்பாளர்கள் கூரிய விளிம்புகளையும் தொடப்படாத முகப்பையும்தான் தேடுகிறார்கள். தேய்த்த உலோகம் திரும்பி வராது.