விண்ணப்பத்துக்கு முன் 'மேட்ச்' பணம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் போக்குவரத்து ஆய்வுக்கு நிதி கேட்பவர்கள் பலரும் வந்து நிற்கும் இடம், மத்தியப் போக்குவரத்துத் துறையின் யூடிசி (பல்கலைக்கழகப் போக்குவரத்து மையங்கள்) திட்டம். எழுத உட்காரும் முன் 'மேட்ச்' பணத்துக்கு, அதாவது உங்கள் பங்குத் தொகைக்கு, வழி பாருங்கள். தேசிய, வட்டார மையங்கள் அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் தங்கள் பங்காக இன்னொரு டாலர் காட்ட வேண்டும். 'டியர் 1' என்ற இன்னொரு வகை மையங்கள் என்றால் 50 சென்ட். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றில்லை. பேராசிரியர் ஆய்வில் செலவிடும் நேரத்துக்கான சம்பளத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். மாநிலப் போக்குவரத்துத் துறையின் எஸ்பிஆர் (மாநிலத் திட்டமிடல், ஆய்வு) நிதியும் செல்லும். அதுவும் மத்திய அரசுப் பணம்தான், ஆனாலும் விதி அனுமதிக்கிறது! அப்புறம், போக்குவரத்து ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் டிரிட் தரவுத்தளத்தில் உங்கள் தலைப்பைத் தேடிப் பாருங்கள், இலவசம்தான். பாலத்துக் கம்பியை உப்பு அரிப்பது பற்றி வேறு மாநிலத்தில் யாராவது ஏற்கெனவே ஆராய்ந்து முடித்திருக்கலாம்.