நிரல் எழுதாமல் காலண்டரையும் பணிப் பலகையையும் இணைக்கும் முறை

கூட்டங்கள் காலண்டரிலும் வேலைகளின் கெடு தேதிகள் ட்ரெல்லோ, அசானா போன்ற பணிப் பலகையிலும் தனித்தனியே இருந்தால், ஏதேனும் ஒன்று கண்ணில் படாமல் நழுவிவிடும். இரண்டையும் இணைக்க நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தேதியை மாற்றும் உரிமை எந்த இடத்துக்கு உரியது என்பதை இணைக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலான குழுக்களுக்கு அது பணிப் பலகையாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அங்கே மாற்றுவோம், காலண்டரில் பார்ப்போம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படி ஒப்புக்கொண்டவர்களுக்கு மிக எளிய வழி, பலகையில் உள்ள தேதிகளை ஓர் இணைய முகவரி வழியாகக் காலண்டருக்குத் தரும் ஐகேலண்டர் ஊட்டம். 1998இல் வரையறுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட இந்தப் பொதுத் தரத்தை ஏறத்தாழ எல்லாக் காலண்டர்களும் படிக்கும். ட்ரெல்லோவில் காலண்டர் பவர்-அப் என்ற கூடுதல் வசதியைச் சேர்த்து அதன் அமைப்புகளில் ஊட்டத்தை இயக்கினால் ஒரு முகவரி கிடைக்கும். அசானாவில் திட்டப் பெயரை ஒட்டிய அம்புக்குறிப் பட்டியலில் காலண்டருடன் ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. அந்த முகவரியை நகலெடுத்து, கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, மற்ற காலண்டர்கள் என்ற தலைப்பை அடுத்துள்ள கூட்டல் குறியை அழுத்தி, யூஆர்எல் வழியாகச் சேர்க்கும் இடத்தில் ஒட்டினால் போதும். கைப்பேசிச் செயலியில் இந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதில் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. கூகுள் காலண்டர் ஊட்டத்தைப் புதுப்பிக்க 12 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், இன்று மாலைக்கான கெடுவை இன்று காலையில் மாற்றினால் அது உரிய நேரத்தில் தெரியும் என்று நம்பியிருக்கக் கூடாது. மேலும், அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர் உங்கள் கெடு தேதிகளைப் பார்க்க முடியும். ஆகவே அதைக் கடவுச்சொல்லைப் போலக் காக்க வேண்டும்.

இந்தத் தாமதம் ஒத்துவராது என்றால் ஜாப்பியர் (Zapier), மேக் (Make) போன்ற இணைப்புச் சேவைகளை நாடலாம். இவற்றில் ஒரு தூண்டுதலையும் (எது நடந்தால் இணைப்பு இயங்க வேண்டும் என்பது) அதன்பின் நடக்க வேண்டிய செயலையும் தேர்ந்தெடுத்து, அட்டையின் (பலகையில் ஒரு வேலைக்கான பதிவு) தலைப்பு நிகழ்வின் தலைப்புக்கு, கெடு தேதி தொடக்க நேரத்துக்கு என்று பொருத்திவிட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். புதிய அட்டை உருவாவதைத் தூண்டுதலாக வைத்தால், அந்தக் கணத்தில் பல அட்டைகளுக்குக் கெடு தேதியே இருக்காது. எனவே "தேதி உறுதி" என்று ஒரு பட்டியலை உருவாக்கி, அட்டை அதற்குள் நகர்த்தப்படுவதைத் தூண்டுதலாக வைப்பது பாதுகாப்பானது. நிகழ்வை உருவாக்கும்போதே அதன் விளக்கத்தில் அட்டையின் இணைய முகவரியையும் எழுதச் செய்யுங்கள். பிறகு கெடு தேதி மாறும்போது இயங்குமாறு நீங்கள் அமைக்கும் இரண்டாவது இணைப்பு, அந்த முகவரியைக் கொண்டே பழைய நிகழ்வைத் தேடி எடுத்துத் திருத்தும். இல்லாவிட்டால் பழைய நிகழ்வு பழைய தேதியிலேயே கிடக்கும்.

எந்தப் பக்கம் மாற்றினாலும் மறுபக்கமும் மாறும் இருவழி ஒத்திசைவை நானும் ஒருமுறை இரண்டு தனித்தனி இணைப்புகளால் அமைத்துப் பார்த்தேன். அட்டை நிகழ்வை உருவாக்க, அந்த நிகழ்வு இன்னொரு அட்டையை உருவாக்க, ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டே போயின. இருவழி கட்டாயம் தேவையென்றால் அதற்கெனவே உருவாக்கப்பட்ட யூனிட்டோ போன்ற சேவையைப் பயன்படுத்துவது நல்லது. எந்த இணைப்புச் சேவையாயினும் சொந்தக் காலண்டரில் கலக்காமல், இதற்கென ஒரு தனிக் காலண்டரை உருவாக்கிக்கொள்ளுங்கள். பிழை நேர்ந்தால் அதை மட்டும் நீக்கிவிடலாம்.

உண்மையான பலகையை இணைக்கும் முன் சோதனை அட்டைகள் சிலவற்றைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். நிகழ்வு சில மணி நேரம் தள்ளி விழுந்தால், பலகை, காலண்டர், இணைப்புச் சேவை ஆகிய மூன்றிலும் நேர மண்டலம் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். பல நாள் நீளும் முழுநாள் நிகழ்வு ஒரு நாள் குறைந்து தெரிந்தால், ஐகேலண்டர் தரத்தில் முடிவுத் தேதி நிகழ்வுக்குள் அடங்காது என்பதே பெரும்பாலும் காரணம். முடிவுத் தேதியில் ஒரு நாளைக் கூட்டினால் சரியாகும். கடைசியாக ஓர் அட்டையை அழித்துப் பாருங்கள். ஊட்டமாக இருந்தால் அடுத்த புதுப்பிப்பில் நிகழ்வும் மறையும்; இணைப்புச் சேவையாக இருந்தால், அழிப்பதற்கென்று தனியே ஒரு செயலை அமைக்காதவரை அது காலண்டரிலேயே இருக்கும்.